சுக்கான் பிடித்தவன் பெயர்

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் இருந்த ஒரு கிரேக்க வணிகர் செங்கடலில் தொடங்கி இந்தியக் கரை வரைக்கும் துறை துறையாக ஒரு வழிகாட்டி எழுதினார். எழுதியவர் பெயர் அழிந்துவிட்டது, நூல் பிழைத்துக்கொண்டது. 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்று தமிழக வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். எகிப்திலிருந்து எந்த மாதத்தில் புறப்பட வேண்டும், முசிறியில் எதைக் கொடுத்து எதை வாங்கலாம், கீழைக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் துறைகளில் எவ்வகைக் கலங்கள் நிற்கும் என்று அது சொல்லிக்கொண்டே போகும். அதன் 57ஆம் பகுதியில் ஹிப்பாலஸ் என்றொருவன் வருகிறான். துறைமுகங்கள் இருக்கும் இடத்தையும் கடலின் அமைப்பையும் மனத்தில் வாங்கி, கரையோரமாகச் சுற்றாமல் பெருங்கடலை ஊடறுத்துச் செல்லும் வழியை முதலில் கண்டவன் என்று நூல் அவனைக் குறிக்கிறது. அவன் தொழிலையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. குபெர்நேத்தேஸ். சுக்கான் பிடித்துக் கலம் செலுத்துபவன் என்று பொருள்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் அலுவலகங்களில் இன்று அன்றாடம் புழங்கும் சொல் இதுதான். எழுத்தில் குபெர்னெட்டீஸ், பேச்சில் கியூப். பல சர்வர்களை ஒன்றாகக் கட்டி, எந்த நிரல் எந்த இயந்திரத்தில் ஓட வேண்டும் என்று முடிவுசெய்து, ஓர் இயந்திரம் படுத்துவிட்டால் அதன் வேலையை இன்னொன்றில் எழுப்பிவிடும் மென்பொருள் அது. அந்தக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்றும் அதில் உள்ள ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நோடு என்றும் பெயர். கட்டளை வரியில் உட்கார்ந்து இந்த நோடுகளைப் பார்ப்பது, ஒதுக்குவது, காலிசெய்வது, திரும்பச் சேர்ப்பது என்பது ஒரு முழுநேரத் தொழிலாகவே ஆகிவிட்டது. அந்தத் தொழிலின் சொற்கள் எல்லாமே நெடுந்தூரம் நடந்து வந்தவை. அவற்றில் தலையான சொல் பெரிப்ளஸ் நூலோடு நம் கடலுக்குள் ஒருமுறை வந்து போயிருக்கிறது.

மென்பொருள் அந்தப் பெயரைப் பெற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூகுள் நிறுவனத்துக்குள் போர்க் என்றொரு அமைப்பு இருந்தது. அங்குள்ள எண்ணற்ற இயந்திரங்களில் வேலைகளைப் பகிர்ந்து கொடுப்பது அதன் பணி. 'ஸ்டார் டிரெக்' தொடரில் எல்லோரையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் கூட்டத்தின் பெயரிலிருந்து வந்தது போர்க். அதன் அனுபவத்தை வைத்து வெளியுலகுக்கு ஒரு மென்பொருள் செய்ய ஜோ பீடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி ஆகியோர் முனைந்தபோது, அதே தொடரில் போர்க் கூட்டத்திலிருந்து விடுபட்டு வந்த 'செவன் ஆஃப் நைன்' என்னும் பாத்திரத்தின் பெயரைத் திட்டத்துக்குள் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். வெளியே அந்தப் பெயரோடு வர முடியாது. கப்பல் சரக்குப் பெட்டியின் பெயரால் கன்டெய்னர் என்று வழங்கும் நிரல் பொதிகள் அப்போது பரவத் தொடங்கியிருந்தன. 2013இல் வந்த டாக்கர் என்னும் கருவி, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளியின் பெயரைத் தாங்கி வந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 அலுமினியப் பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஏற்றி அனுப்பியதில் தொடங்கிய உலகம் அது. பெட்டி வந்துவிட்டது, ஏற்றுகிறவன் வந்துவிட்டான், செலுத்துகிறவன் மட்டும்தான் பாக்கி. 2014 ஜூனில் குபெர்னெட்டீஸ் என்ற பெயரோடு திட்டம் வெளியானது. அதன் சின்னத்தில் உள்ள சுக்கான் சக்கரத்துக்கு ஏழு கைகள். பழைய ரகசியப் பெயரின் மிச்சம் அந்த ஏழு.

பெயர் நீளம் என்பதால் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள ஆங்கில எழுத்துகள் எட்டையும் ஓர் எண்ணாக்கி, கே, எட்டு, எஸ் என்று சுருக்கி எழுதுகிறார்கள். அதைவிடச் சுவையானது அந்தச் சொல்லின் பழைய பயணம்.

ஏதென்ஸில் இச்சொல் கடலைவிட்டுக் கரையேறியது. பிளேட்டோ 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில் நாட்டை ஒரு கப்பலாக வைத்துப் பேசுகிறார். சுக்கானைப் பிடிக்கத் தெரியாத மாலுமிகள் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். உண்மையான குபெர்நேத்தேஸ் பருவத்தையும் வானத்தையும் விண்மீனையும் காற்றையும் கற்றிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ரோமானியர்கள் அச்சொல்லை வாங்கியபோது ககர ஒலியை மென்மையாக்கி 'குபெர்னாரே' என்ற வினையாக்கினார்கள். லத்தீனில் அதன் முதல் எழுத்து 'க' வர்க்கத்தின் மூன்றாம் ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், காதுக்குத்தான் வேறுபாடு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது நடுவில் இருந்த பகரம் வகரமாக மெலிந்தது. அப்படி வந்ததுதான் கவர்னர். நாட்டுப்புறத்தில் 'கவர்மெண்டு' என்று சொல்கிறோமே, அதுவும் அதே வேர். கிரேக்கத்திலோ அந்தச் சொல் இடம்பெயரவே இல்லை. விடுதலைப் போரின்போது, 1828இல் அந்நாட்டின் தலைமையை ஏற்ற யோவானிஸ் கபோதிஸ்திரியாஸின் பதவிப் பெயரே அதுதான். இன்றும் அங்கே அரசாங்கத்துக்கு 'கிவெர்னிசி' என்று பெயர்.

விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த இரு கிளைகளையும் அருகருகே காணலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுல் கைதியாகப் போகும் கப்பலில், அவர் எச்சரிக்கையைக் கேளாமல் படைத்தலைவன் நம்பிய ஆள் கிரேக்க மூலத்தில் குபெர்நேத்தேஸ். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவனை 'மாலுமி' என்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், சபைக்குத் தரப்பட்ட வரங்களை அடுக்கும் இடத்தில், அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் வருகிறது. அதைத் தமிழில் 'ஆளுகைகள்' என்று பெயர்த்திருக்கிறார்கள். மாலுமியும் ஆளுகையும் ஒரே வேர் என்று தமிழில் மட்டும் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. பொருள் பிரிந்துபோன இடத்தில் சொல்லையும் பிரித்த அந்த மொழிபெயர்ப்பாளர்களின் காது நல்ல காது.

அடுத்த திருப்பம் நீராவி எஞ்சினில் நடந்தது. 1788இல் ஜேம்ஸ் வாட் தம் எஞ்சினுக்கு ஒரு சுழல் கருவி பொருத்தினார். வேகம் கூடினால் அதன் இரு குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் குறைந்தால் சுருங்கி நீராவியைக் கூட்டும். ஆள் நிற்காமலே வேகம் நிலையாக இருக்கும். அக்கருவிக்கும் கவர்னர் என்றே பெயர். பேருந்துகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பொருத்தும் கருவியை நம் பணிமனைகளில் 'ஸ்பீடு கவர்னர்' என்கிறார்களே, அது வாட்டின் வழியில் வந்த பெயர். 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இத்தகைய கருவிகளைப் பற்றிக் கணிதக் கட்டுரை ஒன்று எழுதினார். 80 ஆண்டுகள் கழித்து, 1948இல் வெளியான நூலில், நார்பர்ட் வீனர் தாம் நிறுவிய புதுத் துறைக்குப் பெயர் சூட்டியபோது, மேக்ஸ்வெல்லின் அந்தக் கட்டுரைக்கு மரியாதை செய்யும் விதமாகவே கவர்னரின் கிரேக்க மூலத்துக்குப் போனார். சைபர்நெடிக்ஸ் பிறந்தது அப்படித்தான். கப்பலின் சுக்கான் எஞ்சின்கள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் பொறிகளில் தொன்மையானவை, தேர்ந்தவை என்பதும் அவர் கருத்தில் இருந்தது.

பிறகு அந்த நீண்ட சொல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் வில்லியம் கிப்சன் தம் கதைகளில் 'சைபர்ஸ்பேஸ்' என்று எழுதினார். இன்று மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் பிரிவு இருக்கிறது. தமிழில் இங்கே ஒரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. தேர்வில் சைபர் வாங்கினான் என்று சொல்லும் சைபர், சுழியத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'சிஃப்ர்' ஆங்கிலம் வழியாக வந்தது. சைபர் கிரைமின் சைபர் கிரேக்கச் சுக்கான்காரனிடமிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் நம் எழுத்தில் ஓர் உருவாகிவிட்டன. அகராதி செய்பவர்கள் இவற்றைத் தனித்தனிப் பதிவாகப் போட வேண்டும்.

சுக்கான்காரன், கவர்னர், சைபர், குபெர்னெட்டீஸ் என்ற நால்வரையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, அந்த மென்பொருளுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். சுக்கான் பிடிப்பவன் துடுப்பு வலிப்பதில்லை. போக வேண்டிய திசை ஒன்று அவன் மனத்தில் இருக்கிறது, கப்பல் போய்க்கொண்டிருக்கும் திசை கண்முன் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துப் பார்த்துக் கையைத் திருப்புவதுதான் அவன் வேலை முழுவதும். குபெர்னெட்டீஸ் செய்வதும் அதுவே. 'இந்த நிரலின் மூன்று படிகள் ஓட வேண்டும்' என்று நாம் எழுதிக் கொடுத்தால் அது வேண்டிய நிலை. 'இப்போது இரண்டுதான் ஓடுகின்றன' என்பது இருக்கும் நிலை. இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டு, குறைந்த ஒன்றை எழுப்பிவிட்டு, மறுபடி ஒப்பிடுகிறது. வாட்டின் குண்டுகளும் வீனரின் கணிதமும் இதற்குள் இருக்கின்றன. பெயர் சூட்டியவர்கள் கப்பலை மட்டும் நினைத்துச் சூட்டியிருந்தாலும், சொல் தன் முழு வரலாற்றையும் கூடவே கொண்டுவந்துவிட்டது.

நோடுகளைக் கட்டளை வரியிலிருந்து ஆளும் கருவியின் பெயரிலும் இதே ஒப்பீடு ஒளிந்திருக்கிறது. கியூப் என்ற பாதியோடு சி, டி, எல் என்ற மூன்றெழுத்தைச் சேர்த்தது அதன் பெயர். எப்படி உச்சரிப்பது என்று ஒத்த கருத்தே கிடையாது. சிலர் கியூப்-கண்ட்ரோல் என்பார்கள், சிலர் எழுத்தெழுத்தாகக் கியூப்-சிடிஎல் என்பார்கள், சிலர் கணவாய் மீனின் ஆங்கிலப் பெயர் போல ஒலிக்கும்படி கியூப்-கட்டில் என்பார்கள். யூனிக்ஸ் உலகில் கண்ட்ரோல் என்பதை இந்த மூன்றெழுத்தாகச் சுருக்குவது பழைய வழக்கம். கண்ட்ரோல் என்பதற்கு இன்று அடக்குதல், ஆட்டுவித்தல் என்றெல்லாம் பொருள் ஏறிவிட்டது. பிறப்பில் அது ஒரு கணக்குப்பிள்ளையின் சொல். இடைக்கால லத்தீனில் 'கோன்ட்ரா-ரோட்டுலுஸ்', அதாவது எதிர்ச்சுருள். ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்காக அதற்கு எதிரில் வைத்துக்கொள்ளும் மற்றொரு படி. இரண்டு ஏடுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பிழை காண்பவனே முதல் கண்ட்ரோலர். வேண்டிய நிலை ஓர் ஏடு, இருக்கும் நிலை மற்றோர் ஏடு என்று வைத்துக்கொண்டால், இந்தக் கருவிக்கு இந்த வேரைவிடச் சரியான வேர் கிடைக்காது.

இதை உணர ஒரு கட்டளை போதும். 'டெலீட் நோடு' என்று ஒரு நோடின் பெயரைக் கொடுத்தால் அந்த இயந்திரம் அணைந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் எண்ணுவதுண்டு. அணையாது. ஏட்டிலிருந்து பெயர் மட்டும்தான் அடிபடும். இயந்திரம் தன் பாட்டுக்கு இருக்கும். அதில் உள்ள கியூப்லெட் என்னும் பணியாள் நிரலை மறுபடி தொடங்கினால் தன் பெயரைத் தானே மீண்டும் பதிந்துகொள்ளும். கியூப்லெட்டின் பின்பாதியும் போர்க் காலத்து எச்சம். அங்கே ஒவ்வோர் இயந்திரத்திலும் இருந்த நிரலுக்குப் போர்க்லெட் என்று பெயர்.

நோடு என்ற பெயரே இரண்டாவதாக வந்தது. தொடக்கத்தில் அந்த இயந்திரங்களை மினியன் என்றார்கள். 'கெட் மினியன்ஸ்' என்று அடித்தால்தான் பட்டியல் வரும். மினியனின் மூலம் பிரெஞ்சு மொழியின் 'மிஞோன்'. செல்லமானவர், அழகானவர் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றியின் அரசவையில் அவருக்கு வேண்டிய இளைஞர்களை அப்படி அழைத்தார்கள். அரசனின் செல்லப்பிள்ளை என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல், எசமான் சொன்னதைத் தலையாட்டிச் செய்யும் எடுபிடி என்று தாழ்ந்தது. அன்பில் பிறந்து இழிவில் முடிந்த சொற்களில் அதுவும் ஒன்று. 2015 ஜூலை 21இல் மென்பொருளின் 1.0 பதிப்பு வருவதற்கு முன்பே மினியனை எடுத்துவிட்டு நோடு என்று மாற்றிவிட்டார்கள். பழைய நிறுவல் நிரல்கள் உண்டாக்கிய இயந்திரங்களின் பெயர்களில் மட்டும் மினியன் இன்னும் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எடுபிடி போன பிறகும் எசமான் இருந்தார். கிளஸ்டரின் மூளையாக இருக்கும் இயந்திரத்துக்கு மாஸ்டர் என்றே பெயர். 2020 டிசம்பரில் வந்த 1.20 பதிப்பு அந்த அடைமொழியைக் கைவிடப் போவதாக அறிவித்தது. 2022 மே மாதம் வந்த 1.24 பதிப்பில், கிளஸ்டரை நிறுவும் கியூப்ஆட்மின் கருவி அதை ஒட்டுவதை நிறுத்திக்கொண்டது. இப்போது கண்ட்ரோல் பிளேன் என்கிறார்கள். அடிமை முறையின் நிழல் விழும் சொற்களைக் கணினித் துறை களையத் தொடங்கிய காலம் அது. பெயரை மாற்றுவதால் என்ன ஆகிவிடும் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. பழைய அடைமொழியை நம்பி எழுதிய நிரல்களைத் திருத்தும் வேலை உண்மையிலேயே பலருக்கு வந்து சேர்ந்தது. இருந்தாலும் மாற்றியது சரி என்பதே என் கருத்து. மாஸ்டர் என்று அழைத்தபோது அந்த இயந்திரம் மற்றவற்றுக்கு ஆணையிடுவது போன்ற ஒரு தவறான சித்திரம் மனத்தில் விழுந்தது. உண்மையில் ஒவ்வொரு நோடும் தனக்கு ஒதுக்கப்பட்ட வேலை என்ன என்று தானே ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. சொல் மாறியதும் சித்திரமும் சரியானது.

நோடு லத்தீன் மொழியின் 'நோதுஸ்'. முடிச்சு என்று பொருள். வலையில் கயிறுகள் சேரும் இடம் முடிச்சு, கரும்பிலும் மூங்கிலிலும் அது கணு. தமிழ்க் கணினிக் கலைச்சொல் செய்தவர்கள் கணு என்று எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. கணுவிலிருந்துதான் புதிய தளிர் வெடிக்கும் என்பதால் முடிச்சைவிட அதற்கு உயிர் கூடுதல். ஆனாலும் அலுவலகத்தில் யாரும் கணு என்று சொல்லிக் கேட்க முடியாது. நோடு என்றே சொல்கிறார்கள், 'நோடு விழுந்துடுச்சு', 'நோடை எடுத்துடு' என்று தமிழ் வேற்றுமை உருபுகள் அதில் இயல்பாக ஏறி உட்கார்ந்துவிட்டன.

நோடு விழுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு நோடும் பத்து நொடிக்கு ஒருமுறை தன் பெயரில் உள்ள ஒரு சிறு பதிவைப் புதுப்பிக்கிறது. அதற்கு லீஸ் என்று பெயர். நமக்குப் பழக்கமான குத்தகைதான். குறித்த காலத்துக்குள் புதுப்பிக்கவில்லை என்றால் குத்தகை கெட்டது. ஒரு நிமிடத்துக்குள் அந்த நோடின் நிலை 'ரெடி' என்பதிலிருந்து 'நாட் ரெடி' என்று மாறும். அதற்கு மேலும் 300 நொடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அங்கு ஓடிய வேலைகளை வேறிடத்துக்கு மாற்ற ஏற்பாடு நடக்கும். இந்த ஐந்து நிமிடப் பொறுமை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சற்றே தடுமாறிய வலையிணைப்புக்காகக் கூட்டம் கூட்டமாக வேலைகளை இடம்பெயர்த்தால், அந்த இடப்பெயர்ச்சியே பெரிய கேடாக முடியும்.

தானாக விழும் நோடு ஒருபுறம் இருக்க, நாமே ஒன்றைப் பழுதுபார்க்க வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மூன்று வினைகள் இருக்கின்றன. கார்டன், டிரெயின், அன்கார்டன். முதல் சொல்லைத் தமிழில் எழுதினால் தோட்டத்தின் நினைவு வருவது தவிர்க்க முடியாதது. மூலத்தில் அது பிரெஞ்சு மொழியின் 'கோர்தோன்', சிறு கயிறு. கயிறு கட்டி ஓர் இடத்தை மறிப்பது என்று வளர்ந்து, கொள்ளைநோய்க் காலத்தில் ஊரைச் சுற்றிக் காவல் போட்டு ஆள் நடமாட்டத்தைத் தடுப்பதற்கும் பெயரானது. இன்னும் பின்னோக்கிப் போனால் கிரேக்கத்தில் 'கோர்தே', விலங்கின் குடல். குடலை முறுக்கித்தான் அன்று யாழ் நரம்பும் கயிறும் செய்தார்கள். ஒரு நோடைக் கார்டன் செய்தால் அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது எதுவும் நிற்காது. புதிதாக எதுவும் உள்ளே வராது, அவ்வளவுதான். பட்டியலில் 'ரெடி' என்பதற்குப் பக்கத்தில் 'ஷெட்யூலிங் டிஸேபிள்டு' என்று வந்துவிடும்.

டிரெயின் அடுத்த படி. உள்ளே இருப்பவற்றை வெளியேற்றுவது. நன்செய்யில் வாய்மடையை அடைத்துவிட்டுத்தான் வயலை வடிப்பார்கள். அடைக்காமல் வடித்தால் ஒருபக்கம் போகப் போக மறுபக்கம் நிறையும். டிரெயின் கட்டளையும் முதலில் தானே கார்டன் செய்துவிட்டுத்தான் வடிக்கத் தொடங்கும். இங்கேதான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் 'முடித்துக்கொள்' என்று முதலில் சொல்லி அனுப்புவார்கள். வேறு கெடு குறிக்காவிட்டால் 30 நொடி அவகாசம் உண்டு. அதற்குள் முடிக்காததை வலிந்து நிறுத்துவார்கள். ஒரு சேவைக்குக் குறைந்தது இரண்டு படிகளாவது ஓடியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அந்த எண்ணிக்கைக்குக் கீழே போகும் வெளியேற்றத்தை அமைப்பு மறுத்துவிடும். டிரெயின் ஐந்து நொடி கழித்து மறுபடி கேட்கும். மறுபடி மறுப்பு வரும். திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். கட்டளை சிக்கிக்கொண்டது என்று நினைத்து வலுக்கட்டாயம் செய்யும் துணைச்சொற்களைச் சேர்த்து அடிக்கத் தூண்டும் நேரம் அது. அடிக்கக் கூடாது. அது சிக்கலில் இல்லை, கொடுத்த வாக்கைக் காத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு படி வேறொரு நோடில் ஓடத் தொடங்கினால் தானே நகரும். தன்னிடமே தற்காலிகமாகத் தரவு வைத்திருக்கும் வேலைகளை வெளியேற்றும்போது அந்தத் தரவு அழியும். அதற்குச் சம்மதம் என்று தனியாக ஒரு துணைச்சொல் சேர்த்தால் ஒழிய டிரெயின் தொடாது. இந்தக் கட்டளையை வடிவமைத்தவர்களின் கவனத்தை நான் மதிக்கிறேன்.

டெயின்ட் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. லத்தீன் மொழியில் சாயம் தோய்ப்பதைக் குறித்த வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, குற்றம் சுமத்துவதைக் குறித்த வேறொரு சொல்லோடு கலந்து, கறை என்ற பொருளை அடைந்த சொல் அது. ஒரு நோடுக்கு டெயின்ட் வைத்தால், அதைப் பொறுத்துக்கொள்ளும் அடையாளம் பெற்ற வேலைகள் தவிர மற்றவை அங்கே வரமாட்டா. நடைமுறையில் இதைப் பெரும்பாலும் எந்த இயந்திரத்துக்கு வைக்கிறார்கள்? விலையுயர்ந்த ஜிபியு பொருத்திய இயந்திரத்துக்கு. சாதாரண வேலைகள் அதில் ஏறி இடத்தை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. கண்ட்ரோல் பிளேன் இயந்திரங்களுக்கும் அதே காரணத்துக்காகவே வைக்கிறார்கள். மதிப்புள்ள ஒன்றைக் காப்பதற்கான ஏற்பாட்டுக்குக் கறை என்று பெயர் வைத்தது பொருத்தமில்லை. ஒதுக்கீடு என்ற கருத்தில் ஒரு சொல் எடுத்திருந்தால் புதிதாகக் கற்பவர்களுக்கு எவ்வளவோ தெளிவாக இருந்திருக்கும். நீக்கும் முறையும் விந்தையானது. வைத்த அதே வரியின் கடைசியில் ஒரு சிறு கோடு போட்டால் கறை போய்விடும்.

தமிழில் சுக்கான்காரனுக்கு என்ன பெயர் இருந்தது என்று கேட்காமல் இந்த ஆராய்ச்சி முடியாது. அகநானூற்றின் 255ஆம் பாட்டில், மதுரை மருதன் இளநாகனார், மாடத்தில் எரியும் விளக்கொளியைக் கொண்டு திசை அறிந்து கலம் செலுத்துபவனை 'நீகான்' என்கிறார். பின்னர் மீகான், மீகாமன் என்ற வடிவங்கள் வழங்கின. அந்தத் தமிழ்ச் சொற்கள் நூலோடு நின்றன. அரபு வணிகர்களோடு கலந்த துறைமுகங்களில் வேறு சொற்கள் ஏறின. சுக்கான் அரபுச் சொல். மாலுமியும் அரபு மொழியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு ஆசிரியர், வழி அறிந்து கப்பலைச் செலுத்துபவர் என்று இரு பொருளும் உண்டு. விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் குபெர்நேத்தேஸுக்கு மாலுமி என்று எழுதியபோது மிகச் சரியாகவே எழுதினார்கள். இன்று கப்பலில் வேலைசெய்யும் எல்லோரும் மாலுமிகளாகிவிட்டதால் அச்சொல்லின் கூர்மை போய்விட்டது.

குபெர்னெட்டீஸுக்கு நீகான் என்றோ மீகாமன் என்றோ தமிழ்ப் பெயர் சூட்டலாமே என்ற எண்ணம் சிலருக்கு வரக்கூடும். வேண்டாம். அது ஒரு பொருளின் இடுபெயர், உலகம் முழுவதும் அந்த ஒலியோடுதான் அறியப்படுகிறது. அதன் வேர் சுக்கான் பிடிப்பவன் என்று நம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். கார்டன், டிரெயின், டெயின்ட் போன்ற வினைகளின் நிலை வேறு. அவற்றுக்குத் தமிழ் தேவை, தமிழிலும் இருக்கிறது. மறி, வடி, ஒதுக்கு என்று ஓரிரு அசையிலேயே சொல்லலாம். மறியல் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு விடுதலைப் போராட்டத்தையே நடத்திய மொழிக்கு, ஒரு நோடை மறிப்பது எளிது. இவற்றுக்கு 'அட்டவணையிடல் முடக்கம்', 'வெளியேற்றச் செயல்முறை' என்று நீளமாகப் பெயர் வைத்தால் அதை எவரும் இரவு இரண்டு மணிக்கு ஒரு கிளஸ்டர் சரியும்போது வாயால் சொல்லப் போவதில்லை. கலைச்சொல் குழுக்களில் இருக்கும் அறிஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். பட்டியலில் ஒரு சொல்லை எழுதும் முன் இந்தத் தொழில் செய்யும் ஓர் இளைஞர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நோடை மறித்து, வடித்து, பழுது பார்த்து, மறுபடி திறப்பதைக் கடைசிவரை பாருங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.